மகளுக்குப் பதில் நான் போன கூட்டம்

அந்தத் தீபாவளிக்கு எங்கள் வீட்டில் யாருக்கும் மஞ்சள் காமாலை வரவில்லை. நீலகிரி மலையில், எங்கள் ஊர் ஜெகதளாவில், எங்களைத் தெரிந்தவர்கள் இதைப் படித்தால் வருத்தப்படுவார்கள். மேட்டுப்பாளையத்தில் இருக்கும் சொந்தக்காரர்களிடம் சொல்லி, கீழாநெல்லியைக் கட்டுக்கட்டாகப் பஸ்ஸில் வரவழைத்துக் கொடுத்தவர்கள் அவர்கள். நாங்களும் வாங்கிக்கொண்டோம். அக்கம்பக்கம் நம்பட்டும் என்று என் மனைவி மல்லிகா அதை அரைக்கவும் செய்தாள். என் மகள் சுகன்யாவுக்கு வந்தது வேறு வியாதி. அவள் குடிக்கு அடிமையாகியிருந்தாள்.

இதை எழுதச் சொன்னதே அவள்தான். எழுதியதைப் படித்து இரண்டு இடங்களில் திருத்தினாள். பெயர்களையெல்லாம் மாற்றச் சொன்னாள், மாற்றியிருக்கிறேன். எங்களைப் போல ஒரு வீட்டில் ஒரு பெண் பிள்ளைக்கு இது வந்து, யாரிடம் போய்ச் சொல்வது என்று தெரியாமல் அப்பாவும் அம்மாவும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தால், அவர்களுக்காக இது.

நான் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் ஸ்டோர்ஸ் சூப்பர்வைசர். சுகன்யா எங்களுக்கு ஒரே பிள்ளை. இருபத்தெட்டு வயது. பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். தீபாவளிக்கு நீண்ட விடுப்பில் வரச் சொல்லியிருந்தோம், ஈரோட்டிலிருந்து பெண் பார்க்க வருவதாக இருந்தது.

வந்த இரண்டாம் நாளே அவள் கை நடுங்கியது. எங்கள் ஊரில் கை நடுங்கினால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். ஐப்பசி மாதம், மழை வேறு. "பெங்களூர்லயே இருந்து குளிர் மறந்துபோச்சு இவளுக்கு" என்று சொல்லி மல்லிகா கரி அடுப்பைப் பற்றவைத்து அவள் பக்கத்தில் நகர்த்தினாள். நான் என் ஸ்வெட்டரைக் கொடுத்தேன். அவள் நெற்றியெல்லாம் வியர்த்திருந்ததைப் பார்த்து, அடுப்பு வேலை செய்கிறது என்று இருவரும் சந்தோஷப்பட்டோம். தீபாவளிக்கு மறுநாள் காலையில் அவள் சமையலறையில் காபி டம்ளரோடு விழுந்தாள். கண் மேலே செருகி, பல் கிட்டி, உடம்பு முழுக்க வெட்டி வெட்டி இழுத்தது. பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்து அவள் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார். வேறொருவர் ஜீப்பைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

எங்கள் தொழிற்சாலைக்கு ஆஸ்பத்திரி உண்டு. அங்கே போனால் மதியத்துக்குள் எல்லா செக்‌ஷனுக்கும் தெரிந்துவிடும், பெண்ணுக்கு வலிப்பு என்று பேராகிவிடும் என்று நினைத்து, குன்னூரில் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். செலவைப் பற்றி அப்போது யோசிக்கவில்லை. பிறகு நிறைய யோசித்தேன்.

தலை ஸ்கேனில் ஒன்றுமில்லை. ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் கெட்டிருப்பது தெரிந்தது. அதன் செல்கள் அழியும்போது ரத்தத்தில் கசியும் சில பொருள்கள் இருக்கின்றனவாம். அவை இருக்க வேண்டியதைவிடப் பல மடங்கு இருந்தன. இளம் டாக்டர் என்னை மட்டும் தனியே கூப்பிட்டார்.

"உங்க பொண்ணு ட்ரிங்க்ஸ் எடுப்பாங்களா சார்?"

"டாக்டர், நீங்க வேற யாரோட ரிப்போர்ட்டையோ வெச்சுட்டுப் பேசறீங்க" என்றேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "அவங்களும் இல்லைன்னுதான் சொல்றாங்க. பார்க்கலாம்" என்றார்.

உண்மை தெரிய அதிக நேரமாகவில்லை. மல்லிகா வீட்டுக்குப் போய்த் துணிமணி எடுத்து வந்தாள். வார்டு குளிரும் என்று சுகன்யா பெங்களூரிலிருந்து கொண்டுவந்த ரப்பர் வெந்நீர்ப் பையையும் எடுத்து வந்திருந்தாள். மலையில் அது இல்லாத கட்டில் கிடையாது. "கொஞ்சம் சுடுதண்ணி ஊத்திக் குடுங்க சிஸ்டர், காலுக்கடியில வெச்சா தூங்கிருவா" என்று நர்ஸிடம் நீட்டினாள். நர்ஸ் மூடியைத் திருகினார். உடனே மறுபடி திருகி மூடிவிட்டார்.

"இது வேண்டாம்மா. நான் வார்டுப் பையைத் தர்றேன்" என்றார்.

"என்னங்க, ஸ்பிரிட் வாசமடிக்குது" என்றாள் மல்லிகா என்னிடம்.

"ஆஸ்பத்திரின்னா ஸ்பிரிட் வாசம் அடிக்காதா" என்றேன். சொல்லும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. கட்டிலில் சுகன்யா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

பெங்களூரிலிருந்து அந்தப் பை நிறைய வோட்கா கொண்டுவந்திருக்கிறாள். அது தீர்ந்ததும், ஜெகதளாவில் ஒரு பெண் மதுக்கடைக்குப் போய் வாங்க முடியாது என்பதால், குடி நின்றுவிட்டது. வலிப்புக்குக் காரணம் குடித்ததல்ல, குடி நின்றதுதான். டாக்டர் விளக்கினார். வருடக்கணக்காகத் தினமும் குடித்தால் நரம்புகளை மது அமுக்கி வைத்திருக்கும். அதை எதிர்த்து உடம்பு நரம்புகளை உசுப்பிக்கொண்டே இருக்கும். ஒருநாள் மதுவைச் சட்டென்று எடுத்துவிட்டால், அமுக்க ஆளில்லாமல் அந்த உசுப்பல் மட்டும் மிஞ்சும். நடுக்கம், வியர்வை, வலிப்பு. சிலருக்கு இரண்டு மூன்று நாளில் புத்தி தடுமாறி இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும். அதில் உயிர் போகிறவர்களும் உண்டு. அதனால் வீட்டில் அடைத்துவைத்துக் குடியை நிறுத்துகிறேன் என்று யாரும் கிளம்பக் கூடாது. தூக்க மாத்திரை போன்ற ஒரு மருந்தைக் கொடுத்து, படிப்படியாகக் குறைத்து, டாக்டர் கண்ணெதிரேதான் நிறுத்த வேண்டும். பி ஒன் வைட்டமின் ஊசியையும் போட்டார்கள். குடிப்பவர்கள் உடம்பில் அது வற்றிப்போயிருக்குமாம், அது இல்லாமல் குளுக்கோஸ் ஏற்றினால் மூளைக்கு ஆபத்தாம்.

புத்தி தடுமாறும் என்றார்களே, அந்தச் சிலரில் அவளும் ஒருத்தியானாள். மூன்றாம் நாள் எங்களை அடையாளம் தெரியவில்லை. காலை உதறிக்கொண்டே இருந்தாள். "அட்டைம்மா, கால் பூரா அட்டை, எடுங்க" என்று அழுதாள். ஊசியைப் பிடுங்கிவிடுவாள் என்று கையைத் துணியால் கட்டிலோடு கட்டினார்கள். அட்டை இல்லை என்று நான் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். நான் சொல்லச் சொல்ல அவள் கத்தல் அதிகமானது. மலையில் ரத்தம் உறிஞ்சும் அட்டையை உப்புப் போட்டுத்தான் விழவைப்பார்கள். மல்லிகா சாப்பாட்டுத் தட்டில் இருந்த உப்புப் பொட்டலத்தைப் பிரித்து, அவள் காலில் ஒரு சிட்டிகை போட்டுத் தடவினாள். "இந்தா, ஒண்ணு விழுந்துருச்சு. இது ரெண்டாவது. அசையாம இரு அம்மிணி." முழங்காலில் இருந்து பாதம் வரைக்கும் தடவினாள். சுகன்யா அடங்கினாள். அன்று முழுக்க, கத்தும்போதெல்லாம் உப்பு. கடைசியில் நர்ஸே சமையலறையிலிருந்து ஒரு கிண்ணத்தில் உப்பு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

வெளியே காத்திருக்கும் இடத்தில் என் பக்கத்தில் ஒரு எஸ்டேட் தொழிலாளியின் மனைவி உட்கார்ந்திருந்தார். அவர் கணவரைத் தேயிலைக் காட்டில் காட்டெருமை முட்டியிருந்தது. "உங்க பொண்ணுக்கு என்னங்க?" என்று கேட்டார். "காமாலை" என்றேன். கதவு இடுக்கு வழியாக அவர் உள்ளே பார்த்திருப்பார் போலிருக்கிறது. "காமாலைக்கு எதுக்குங்க கையைக் கட்டியிருக்காங்க?" என்றார். நான் மஃப்ளரை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டேன். அவர் தன் பையிலிருந்து ஒரு வர்க்கியை, எங்கள் மலையின் மொறுமொறு ரொட்டியை, எடுத்து என் கையில் வைத்தார். அதற்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை.

ஐந்தாம் நாள் காலையில் அவள் மல்லிகாவைப் பார்த்து, "ஏம்மா என் காலெல்லாம் உப்பா இருக்கு?" என்று கேட்டாள். மல்லிகா எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும், அவள் ஆபீஸுக்கு விடுப்பை நீட்டிக்க எழுதிப்போட்டுவிட்டு, ஊட்டியில் மனநல டாக்டரம்மா ஒருவரிடம் அழைத்துப்போனோம். அவர் முதலில் சொன்னது எங்களுக்கு. "ஏன் குடிச்சான்னு ஆராய்ச்சி பண்ணாதீங்க. காதல் தோல்வியா, ஆபீஸ் கஷ்டமான்னு கேட்டுட்டே இருந்தா, அவ உங்களுக்காக ஒரு காரணத்தைக் கண்டுபிடிச்சுத் தருவா. இது வியாதி. சர்க்கரை மாதிரி." எனக்குச் சர்க்கரை உண்டு, அதனால் புரிந்தது. பிறகு சுகன்யாவிடம், "மருந்து உடம்பைப் பார்த்துக்கும். மறுபடி ஆரம்பிச்சா அடுத்த தடவை இதைவிட மோசமா வரும், கல்லீரலும் தாங்காது. குடிச்சு விட்டவங்களோட நீ உட்காரணும்" என்றார். ஊட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் சனிக்கிழமை பிற்பகல் அப்படி ஒரு கூட்டம் நடக்கிறது. கட்டணம் இல்லை, பேச்சாளர் இல்லை, குடியை விட்டவர்களே உட்கார்ந்து பேசிக்கொள்வார்கள்.

"பொம்பளைங்க வருவாங்களா டாக்டர்?" என்று கேட்டாள்.

"இப்போதைக்கு யாரும் இல்லைம்மா."

"அப்ப நான் போகல."

பஸ்ஸில் திரும்பும்போதும் அதையேதான் சொன்னாள். "அத்தனை ஆம்பளைங்க முன்னாடி நான் எந்திரிச்சு நின்னு என்னத்தைப்பா சொல்றது?" எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் அடுத்த தடவை இதைவிட மோசமாக வரும் என்று டாக்டரம்மா சொன்னது நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. சரி, முதலில் நாம் போய் எப்படிப்பட்ட ஆட்கள் என்று பார்த்துவிட்டு வருவோம் என்று, அடுத்த சனிக்கிழமை மங்கி கேப், மஃப்ளர் எல்லாம் மாட்டிக்கொண்டு கிளம்பினேன். யாருக்கும் அடையாளம் தெரியாது என்று நினைப்பு.

ஒன்றாம் வகுப்பு அறை. முழங்கால் உயரப் பெஞ்சுகளில் பெரிய பெரிய ஆண்கள் குந்தியிருந்தார்கள். எல்லோரும் மங்கி கேப். எனக்குச் சிரிப்பு வந்தது. அதற்குள் ஒருவர் எழுந்து வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார். தொழிற்சாலையில் கொடுக்கும் கறுப்பு ஷூ. அவர் காலிலும் அதே ஷூ.

"சார், நீங்களா?" என்றார். எங்கள் பெயிண்ட் ஷாப் துரைசாமி.

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே, "உங்களை ஒரு பார்ட்டியில கூட கிளாஸோட பார்த்ததில்லீங்களே. ஊட்டுல யாருக்காச்சும்..." என்று ஆரம்பித்தார். என் வீட்டில் இருப்பது மூன்றே பேர். அந்தக் கேள்வியை அவர் முடித்தால் பதில் தானாகவே வந்துவிடும்.

"எனக்குத்தானுங்க" என்றேன். "ஊட்டுக்குள்ளயே வெச்சுக் குடிக்கறது."

துரைசாமி என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "அப்படிக் குடிக்கறவங்கதான் சார் ஜாஸ்தி. வாங்க, உட்காருங்க."

அன்று தலைமை போஜன் என்று ஒருவர். ஊட்டிக்கு அப்பால் எமரால்டு கிராமத்தில் கேரட், உருளைக்கிழங்கு போடுகிறவர். "புதுசா வந்தவங்க இஷ்டம் இருந்தா ரெண்டு வார்த்தை பேசலாம். இங்க கேட்டது இங்கயே இருக்கும்" என்றார். எனக்கு இஷ்டமில்லை. ஆனால் துரைசாமி என் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தார். எழுந்து நின்றேன். என் பெயரைச் சொல்லி, நான் குடிநோயாளி என்றேன். அதற்குமேல் என்ன சொல்வது? எனக்குத் தெரிந்த கதை ஒன்றுதான். சுகன்யாவின் கதையை என் கதையாகச் சொன்னேன். கை நடுங்கியது, வலிப்பு வந்தது, காலில் அட்டை ஊர்ந்தது, பெண்டாட்டி உப்புப் போட்டுத் தடவியது, எல்லாம். கடைசியாகக் குடித்தது எப்போது என்றார்கள். தீபாவளிக்கு முந்தின நாள் என்றேன். வெந்நீர்ப் பையைச் சொன்னதும் அறையே சிரித்தது.

"நான் மருந்தடிக்கிற ஸ்ப்ரேயர்ல ஒளிச்சு வெச்சேன் சார்" என்றார் போஜன். "புத்தம்புது ஸ்ப்ரேயர்தான். என் வீட்டுக்காரிக்குத் தெரியாதே. அவ உருளைக்கிழங்குக்கு அடிக்கணும்னு மருந்தைக் கலந்துட்டா. நல்லவேளை அன்னிக்கு மோந்து பார்த்தேன்."

மறுபடி சிரித்தார்கள். நானும் சிரித்தேன், பிறகு அழுதேன். வெட்கமாக இருந்தது, ஆனால் நிறுத்த முடியவில்லை. அந்தக் கதையை முழுதாக யாரிடமும் அதுவரை நான் சொன்னதில்லை. யாரும் முகம் சுளிக்கவில்லை, யாரும் புத்தி சொல்லவில்லை. ஒருவர் தேநீர் கொண்டுவந்து கொடுத்தார்.

வீட்டில் சுகன்யா வாசலிலேயே நின்றிருந்தாள். "என்ன பேசுனாங்க?" என்றாள். சொன்னேன், நான் சொன்ன பொய்யைத் தவிர மற்றதையெல்லாம். ஸ்ப்ரேயர் கதையைக் கேட்டு அவள் உதடு கொஞ்சம் அசைந்தது. "அவருக்கு மொதல்ல என்ன ஆச்சாம்? தூக்கம் எப்ப வந்துச்சாம்?" என்று கேட்டாள். நான் கேட்கவில்லை என்றேன். "அடுத்த வாரம் கேட்டுட்டு வாங்க" என்றாள்.

இப்படித்தான் அது வழக்கமாயிற்று. அவள் கேள்வியை நான் கொண்டுபோவேன், அவர்கள் பதிலைக் கொண்டுவருவேன். "எனக்கு இனிப்பாவே சாப்பிடணும்போல இருக்குதுங்க, ஏன்?" என்று நான் கூட்டத்தில் கேட்பேன். எல்லோருக்கும் அப்படித்தான் என்று சொல்லி, சர்க்கரை வியாதிக்காரனான என் சட்டைப் பை நிறையக் கடலை மிட்டாயைத் திணித்து அனுப்புவார்கள். அவள் அதைச் சாப்பிட்டுக்கொண்டே நான் சொல்வதைக் கேட்பாள். சில சமயம் திருத்துவாள். "அவரு அப்படிச் சொல்லியிருக்க மாட்டாருப்பா. நீங்க தப்பாப் புரிஞ்சுக்கிட்டீங்க. ஆசை வர்றப்ப குடிக்கணும்னு தோணாது, குடிச்சா என்னன்னு தோணும். ரெண்டும் வேற."

புதிதாக வருபவர்களுக்குப் பழைய ஆள் ஒருவர் துணையாக இருப்பது அங்கே வழக்கம். எனக்கு போஜன். அவர் சும்மா பேருக்குத் துணையாக இருக்கிறவர் இல்லை. காலையில் மேட்டுப்பாளையத்துக்குக் காய்கறி லோடு கொண்டுபோகிற வழியில், அருவங்காட்டில் திரும்பி மேலே ஏறி எங்கள் வீட்டு முன்னால் பிக்கப்பை நிறுத்துவார். இரண்டு கிலோ கேரட்டோடு உள்ளே வருவார். அவர் வந்த முதல் நாள்தான், கூட்டத்தில் நான் குடிகாரனாகியிருக்கும் விஷயமே மல்லிகாவுக்கும் சுகன்யாவுக்கும் தெரிந்தது.

"ஏனுங்கம்மா, சார் மேல கோபப்படாதீங்க. அது வியாதிங்க" என்றார்.

மல்லிகா என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். அவளுக்கு ஒரு நொடிதான் ஆயிற்று.

"நான் ஒண்ணும் கோபப்படறதில்லீங்க" என்றாள்.

"நேத்து எப்படி இருந்தாரு?"

"கொஞ்சம் புலம்பினாரு."

"புலம்பட்டும். திட்டிராதீங்க."

"திட்டி இவரு எப்பக் கேட்டிருக்காரு" என்று சொல்லிவிட்டு மல்லிகா டீ போடப் போனாள். திரைக்குப் பின்னால் ஒரு சத்தம். சுகன்யா வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். எவ்வளவோ நாளுக்குப் பிறகு அந்தச் சத்தம். அதற்காகவே நான் இன்னும் பத்துப் பேரிடம் குடிகாரன் என்று சொல்லியிருப்பேன்.

கிட்டத்தட்ட அப்படித்தான் ஆயிற்று. துரைசாமி யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் மார்கழியில் ஒருவருடைய பணி ஓய்வு விருந்தில் யாரோ என் கையில் கொடுத்த கோலாவை, கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்து பிடுங்கி மோந்து பார்த்தார். "தெரியாம கலந்து குடுத்திருவாங்க சார்" என்று காதில் சொன்னார். அதன் பிறகு செக்‌ஷனில் என்னைப் பார்க்கிறவர்கள் ஒரு மாதிரி கனிவாகப் பார்த்தார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. பேர் கெடுவதென்றால் என் பேர் கெடட்டும், அவள் பேர் கெட வேண்டாம் என்று இருந்தேன். ஏற்பாடு நன்றாகத்தான் நடக்கிறது என்று நம்பினேன்.

தை பிறந்தது. காலையில் புல்லெல்லாம் உறைபனியில் வெள்ளையாகக் கிடக்கும் நாள்கள். ஒரு சாயங்காலம் நான் வேலையிலிருந்து வந்தபோது சுகன்யா ஷூவைக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். "அப்பா, இந்த வாரம் இதைக் கேட்டுட்டு வாங்க" என்றாள். "கடை வரைக்கும் போய்ட்டு, வாங்காம திரும்பி வந்தா அது எதுல சேத்தி?"

நானும் ஷூவைக் கழற்றாமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆண்கள் வரிசையாக நிற்கிற அந்தக் கடைக்கு, துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு இவள் போயிருக்கிறாள். கடைக்கு எதிரில் நின்றிருக்கிறாள். வந்துவிட்டாள். இந்தத் தடவை வந்துவிட்டாள்.

சனிக்கிழமை அந்தக் கேள்வியைக் கேட்டேன். "திரும்பி வந்தீங்கல்ல சார், அதான் கணக்கு" என்றார் போஜன். ஆனால் அவர் முகம் இறுகியிருந்தது. "போறதுக்கு முன்னாடி எனக்கு ஏன் ஃபோன் அடிக்கல? அதுக்குத்தானே நம்பர் குடுத்தேன். தோட்டத்துல நின்னாலும் எடுப்பேன். நீங்க தனியா நின்னிருக்கீங்க, எனக்குக் கோபமா வருது."

அவர் நம்பர் என் சட்டைப் பையில் இருந்தது. அந்த நம்பர் யாருக்குத் தேவையோ அவள் அதைக் கூப்பிட முடியாது. கூப்பிட்டால் என்னவென்று சொல்வாள்? குடிகாரனின் மகள் பேசுகிறேன் என்றா? கேள்வியையும் பதிலையும் நான் சுமந்து போய் வரலாம். கடைக்கு எதிரில் அவள் நிற்கிற நேரத்தில் வந்து பக்கத்தில் நிற்க வேண்டிய ஆளை நான் கொண்டுவர முடியாது. அந்த ஆளை என் பேருக்கு வாங்கி வைத்திருந்தேன்.

கூட்டம் முடியும்போது போஜன் எழுந்து, "அடுத்த சனிக்கிழமை சாருக்கு மூணு மாசம். கேக்குக்குச் சொல்லியாச்சு. சார் ஊட்டுல இருந்தும் கூட்டிட்டு வரட்டும்" என்றார். எல்லோரும் முன்கூட்டியே கைதட்டினார்கள்.

வீட்டில் இதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல், கேக் விஷயத்தைத் தமாஷாகச் சொன்னேன். மல்லிகா சிரித்தாள். சுகன்யா சிரிக்கவில்லை.

"மூணு மாசம் எனக்குத்தான்ப்பா" என்றாள்.

"ஆமா கண்ணு."

"உங்களுக்கு எதுக்குக் கேக்கு?"

"அவங்களா ஏற்பாடு பண்றாங்க. நான் என்ன பண்ணட்டும்?"

"நீங்க பொறந்ததுல இருந்து குடிச்சதில்ல. நீங்க குடிக்காம இருக்கறதுக்குக் கைதட்டறதுக்கு என்ன இருக்கு? தினமும் சாயங்காலம் இருட்டுறப்ப நான் எப்படி உட்கார்ந்திருக்கேன்னு உங்களுக்குத் தெரியுமா? இத்தனை வயசுல நானே பண்ணுன காரியம்னு இது ஒண்ணுதான் இருக்கு. அதையும் நீங்க போய் வாங்கிட்டு வந்துருவீங்களா?"

அவள் குரல் உயர்ந்திருந்தது. நான் மெதுவாக, "அங்க துரைசாமி இருக்காரு, அம்மிணி. நம்ம பாக்டரி" என்றேன்.

"இருக்கட்டும். அவரும் குடிச்சவருதானே?"

மல்லிகா, "போய்ட்டு வரட்டுமுங்க" என்றாள். "உங்களுக்குப் பயமா இருந்தா நீங்க இருங்க. நான் கூட்டிட்டுப் போறேன்." மூவருமே போனோம்.

சுகன்யா உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றது. சார் குடும்பத்தோடு வந்திருக்கிறார் என்று நினைத்து மூலைப் பெஞ்சைத் துடைத்துக் கொடுத்தார்கள். மேசையில் கேக் இருந்தது, என் பெயர் எழுதி. போஜன் என்னைக் கூப்பிட்டார். நான் எழுந்தேன். எனக்குப் பக்கத்தில் அவள் எழுந்தாள். கை நடுங்கியது. இந்தத் தடவை அது எதனால் என்று எனக்குத் தெரியும்.

"என் பேர் சுகன்யாங்க. நான் குடிநோயாளி" என்றாள். "எங்கப்பா இத்தனை வாரமா இங்க சொன்னதெல்லாம் எனக்கு நடந்தது. அவரு காபி, டீ தவிர எதையும் தொட்டதில்ல. நான் வரப் பயந்துட்டேன். அதான் அவரு வந்தாரு. பாதியைத் தப்பாச் சொல்லியிருப்பாரு, மன்னிச்சுக்கங்க."

நான் துரைசாமியைப் பார்க்காமல் தரையைப் பார்த்தேன். போஜன் கேக் கத்தியை மேசையில் வைத்தார்.

"மூணு மாசமா லோடை நிறுத்திட்டு உங்க ஊட்டுக்கு வந்தேனே சார்" என்றார். நிஜமாகவே நொந்துபோன குரல். "கேரட்டு மட்டும் எத்தனை கிலோ இருக்கும்?"

முதலில் சிரித்தது துரைசாமி. பிறகு எல்லோரும். போஜனும் கடைசியில் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் துரைசாமி என்னிடம் வந்தார். தொழிற்சாலையில் அவர் என் முன்னால் உட்கார்ந்துகூடப் பேச மாட்டார். இப்போது கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "சார், நீங்களும் அம்மாவும் வெளியே இருக்கணுங்க. கேக் வெட்டறப்ப கூப்பிடறோம். பேசறப்ப குடிச்சவங்க மட்டும்தான் இங்க உட்காரணும்" என்றார். "அது என்னோடயே இருக்கும் சார், கவலைப்படாதீங்க" என்று மெதுவாகச் சேர்த்துச் சொன்னார்.

கதவு சாத்தப்படும்போது பார்த்தேன். போஜன் கேக்கில் என் பெயரைக் கத்தியால் வழித்து எடுத்துக்கொண்டிருந்தார். நாங்கள் இருவரும் வராந்தாவில் நின்றோம். கைதட்டல் கேட்டது. அதன் பிறகு அவள் பேசும் சத்தம், வார்த்தை புரியாமல். மல்லிகா கதவுப் பக்கம் காதை வைக்கப் போனாள். வேண்டாம் என்று கையைப் பிடித்து இழுத்தேன். மூன்று மாதமாக அவள் மூச்சு விடுவதைக்கூடக் கேட்டுக்கொண்டிருந்தவன் நான். அவள் என்ன சொல்கிறாள் என்று தெரியாமல் அங்கே நிற்பது, சொன்னால் நம்ப மாட்டீர்கள், நன்றாக இருந்தது.

அதற்கு அடுத்த சனிக்கிழமை அவள் தனியாகக் கிளம்பினாள். போஜன் நம்பரை அவள் போனில் ஏற்றியாகிவிட்டது. காலையில் பிக்கப் இப்போதும் வந்து நிற்கிறது, ஆனால் என்னைக் கேட்பதில்லை. கல்லீரல் பாதிக்கு மேல் சரியாகிவிட்டதென்று போன மாதம் டாக்டரம்மா சொன்னார். கூட்டத்துக்கு இப்போது இன்னொரு பெண்ணும் வருகிறாராம். எங்கிருந்து, யார் என்று சுகன்யா சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஈரோட்டுக்காரர்கள் அப்புறம் வரவில்லை, வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதும் இல்லை. மறுபடி குடித்துவிடுவாளோ என்ற பயம் எனக்கு முழுதாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். பஸ் தாமதமானால் இன்னும் வாசலுக்கும் உள்ளுக்கும் நடக்கிறேன்.

அவள் தனியாகப் போன அந்த முதல் சனிக்கிழமை, சாப்பிட்டுவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். மல்லிகா பாத்திரம் கழுவிவிட்டு வந்து பார்த்தாள்.

"ஏனுங்க, உங்களுக்கு இன்னிக்குக் கூட்டம் இல்லீங்களா?" என்றாள்.

"குடிக்கறதில்லைன்னு என்னைத் தள்ளி வெச்சுட்டாங்க" என்றேன்.

மல்லிகா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். பக்கத்து வீட்டில் கேட்குமே என்று பார்க்காமல், வெகுநேரம் சிரித்தாள்.